எருக்கம் இலையும் செங்கல்லும்

கீழ்க்கட்டளை
9.6.2024

சந்திரிகாவுக்கு,

இங்கே நானும் மகன் சக்திவேலும் மருமகள் வினிதாவும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

பதினோரு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். என் தம்பி கேசவனுக்குக் காரியம் முடிந்த மறுநாள், சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மர் சன்னதி வாசலில் கற்பூரத்தை ஏற்றி, கையால் அணைத்துச் சத்தியம் செய்தேன். அவன் பெண்டாட்டியான உன்னோடு இந்த ஜென்மத்தில் பேச மாட்டேன் என்று. செய்த சத்தியம் சத்தியம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. கோவில் பட்டாச்சாரியாரிடமே கேட்டுவிட்டேன். எழுதலாமாம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் வலது கால் என்னைப் படாத பாடு படுத்துகிறது. குதிகாலில் ஊசி ஏற்றுவது போல ஒரு குத்தல். பாதம் முழுக்க மதமதப்பு. போன வாரம் ஒற்றைச் செருப்போடு மளிகைக் கடை வரை போயிருக்கிறேன். கடைக்காரன், "இன்னாம்மா, ஒரு செருப்பு எங்க?" என்று கேட்டபிறகுதான் காலைப் பார்த்தேன். தாகம் வேறு. ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாலும் நாக்கு ஒட்டுகிறது.

வினிதாவிடம் வாயைத் திறந்தால், "அத்தை, ஆப்ல புக் பண்ணா வீட்டுக்கே வந்து பிளட் எடுப்பாங்க, சுகர் ஒண்ணு பாத்துடலாம்" என்பாள். எங்கள் வம்சத்தில் சர்க்கரை எவருக்கும் கிடையாது. ரத்தம் கொடுத்தால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிக்குப் போனால் கத்தி. அது உனக்குத் தெரியாததா?

தாம்பரத்தில் பாட்சா பாயின் நாட்டு மருந்துக் கடையில் பத்து வருடமாக நீ மருந்து நிறுக்கிறாய் என்றும், உனக்குக் கைராசி என்றும் நாலு பேர் சொல்கிறார்கள். என் தம்பிக்குத்தான் அந்தக் கைராசி வாய்க்கவில்லை. போகட்டும். எனக்குத் தெரிந்த கைமருந்தெல்லாம் மறந்துபோயிற்று, என் காலுக்கு ஒரு வழி சொல். போன் செய்யாதே, போனில் வாய் திறந்தால் சத்தியம் கெட்டுவிடும். பின் போர்ஷனில் குடியிருக்கும் நஃபீசா பெயருக்குக் கடிதம் போடு. சக்திவேலுக்கும் வினிதாவுக்கும் மூச்சு விடக் கூடாது.

இப்படிக்கு,
தாயாரம்மாள்


சிங்கப்பெருமாள் கோவில்
20.6.2024

அண்ணிக்கு சந்திரிகா வணக்கத்துடன் எழுதுவது.

நான் நலமாக இருக்கிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. ரயில்வே ஸ்டேஷன் வரை போய், நாலு வண்டியை விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். உங்கள் தம்பியின் பெயரை உங்கள் கையெழுத்தில் பார்த்ததால் இருக்கலாம்.

குதிகாலில் குத்தல், பாதத்தில் மதமதப்பு, செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது. இதெல்லாம் எனக்குப் புதிது இல்லை. இதற்கென்று என்னிடம் ஒரு வைத்தியம் இருக்கிறது. நல்ல இடத்திலிருந்து வந்தது. எழுதியிருப்பதை அப்படியே செய்யுங்கள், கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

"செங்கல்லை அடுப்பில் நன்றாகச் சுட வைத்து, மேலே நாலு எருக்கம் இலையைப் பரப்பி, குதிகாலை அழுத்தி வைக்கவும். காலையும் மாலையும், ஒரு மண்டலம். சூடு பொறுக்கவில்லை என்றால் மருந்து வேலை செய்கிறது. சூடே தெரியவில்லை என்றால் வலி இறங்கிவிட்டது. தெம்புக்குச் சுக்குக் காப்பியில் கருப்பட்டி தாராளமாகப் போடவும். கருப்பட்டி சர்க்கரையில் சேராது, அது மருந்து."

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
சந்திரிகா


கீழ்க்கட்டளை
4.8.2024

சந்திரிகாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். ஆடி மாதம் என்று பேர், ஒரு பொட்டு மழை இல்லை. லாரித் தண்ணீர்தான்.

நீ சொன்னபடி நடந்துகொண்டிருக்கிறேன். தண்ணீர் டிரம்முக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல் ஒன்றை உருவிக்கொண்டேன். எருக்கு பக்கத்துக் காலி மனையில் வேண்டிய மட்டும் கிடக்கிறது. சக்திவேலும் வினிதாவும் எட்டு மணிக்குக் கிளம்பினால் திரும்ப இருட்டிவிடும். வீடு முழுக்க என் ராஜ்யம்தான்.

முதல் வாரம் சூடு பொறுக்க முடியாமல் அம்மா அப்பா என்று கத்தினேன். மூன்றாம் வாரம் குறைந்தது. இப்போது சூடே தெரிவதில்லை! நேற்று நஃபீசா ஓடி வந்து, "அம்மா, கால எடுங்கம்மா, இலை கருகுற நாத்தம் வருது, உங்களுக்குச் சுடலியா?" என்று அலறினாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒன்று சொல்லியாக வேண்டும். நீ எழுதிய வைத்தியத்தில் எங்கள் பிறந்த வீட்டு வாசனை அடிக்கிறது. எங்கள் அம்மாவும் கருப்பட்டியை மருந்து என்றுதான் சொல்வாள். பரவாயில்லை, எங்கள் வீட்டில் வாழ்ந்ததற்கு இதையாவது கற்றுக்கொண்டாய். தம்பி இருந்தபோதே இந்தப் புத்தி வந்திருக்கலாம்.

குதிகாலில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கொப்புளம் வந்து, உடைந்து நீர் வந்தது. வலி கொஞ்சமும் இல்லை. அதற்கு என்ன?

இப்படிக்கு,
தாயாரம்மாள்


சிங்கப்பெருமாள் கோவில்
12.8.2024

அண்ணிக்கு வணக்கம்.

என் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. சூடு தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். பிறகு எடுத்து மறுபடி படித்தேன்.

அடுத்த வைத்தியம் கீழே. பொட்டலமும் கூட அனுப்பியிருக்கிறேன்.

"கொப்புளம் உடைந்தால் கெட்ட நீர் வெளியேறுகிறது என்று சந்தோஷப்படவும். குப்பைமேனி இலை, மஞ்சள், கல் உப்பு மூன்றையும் அரைத்துப் பற்றுப் போட்டு, துணியால் இறுக்கிக் கட்டவும். எட்டு நாள் பிரிக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்காரன் கண்ணில் காட்டக் கூடாது."

இதே குப்பைமேனி வாசனை உங்கள் தம்பி படுத்திருந்த அறையில் இரண்டு மாதம் இருந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

உங்கள்,
சந்திரிகா


கீழ்க்கட்டளை
13.10.2024

சந்திரிகாவுக்கு,

எல்லோரும் நலம். பதில் போட இரண்டு மாதம் ஆகிவிட்டது. எழுந்து உட்கார்ந்தாலே தலை சுற்றுகிறது. சாயங்காலமானால் குளிர் ஜுரம்.

குதிகால் புண் ஆறவில்லை, ஆனால் வலி இல்லை. அதனால் உள்ளே ஆறுகிறது என்று அர்த்தம். சுண்டு விரலும் அதற்கடுத்த விரலும் நாவல்பழம் மாதிரி கறுத்திருக்கின்றன. காலுறை போட்டு மறைத்துக்கொள்கிறேன். "கால் ஜில்லுனு இருக்கு, அதான்" என்றால் வினிதா நம்பிவிடுகிறாள்.

ஒரு கூத்து நடந்தது, கேள். வீட்டில் ஒரு வாடை வருகிறது என்று வினிதா மூக்கைப் பிடித்துக்கொண்டு அலைந்தாள். "அத்தை, எங்கேயோ எலி செத்துக் கிடக்கு போல." சக்திவேல் ஞாயிற்றுக்கிழமை பூராவும் பரண் மேல் ஏறி எலி தேடினான். பழைய சூட்கேஸ், கொலுப்படி, எல்லாவற்றையும் கீழே இறக்கினான். ஒரே பேஜார். நான் நாற்காலியில் உட்கார்ந்து, "அந்த மூலையில பாருடா" என்று வழி காட்டிக்கொண்டிருந்தேன்! இப்போது காலையும் மாலையும் சாம்பிராணி போடுகிறேன். வீட்டுக்கு லட்சுமி வந்துவிட்டாள் என்று வினிதாவுக்கு ஒரே பூரிப்பு.

அடுத்தது என்ன செய்ய வேண்டும் என்று சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
தாயாரம்மாள்


சிங்கப்பெருமாள் கோவில்
19.10.2024

அண்ணிக்கு,

இந்த ஒரு கடிதத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

விரல் கறுத்தபிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எந்த நாளில் எது ஆகும் என்பதுகூடத் தெரியும். நான் கூட இருந்து பார்த்திருக்கிறேன். அதை நிறுத்த இன்னும் ஒரு வழி இருக்கிறது. அந்த வழியை எழுதுகிறேன். எழுதுவது மட்டும் இல்லை, நானே கீழ்க்கட்டளைக்கு வந்து கூட நிற்கிறேன்.

அதற்கு முன் எனக்கு நீங்கள் ஒரு வரி எழுதித் தர வேண்டும். "கேசவன் சாவுக்குச் சந்திரிகா காரணம் இல்லை." கையெழுத்தும் தேதியும் போட்டு. அவ்வளவுதான்.

பதினோரு வருடமாக உங்கள் பக்கத்துக் கல்யாணம் ஒன்றுக்கும் எனக்குப் பத்திரிகை வந்ததில்லை. பல்லாவரம் சந்தையில் எதிரே வந்த உங்கள் சித்தி, என்னைப் பார்த்ததும் தாலியை முந்தானையால் மூடிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். புருஷன் காலை வெட்டிக் கொன்றவள் என்று எனக்குப் பேர். அந்தப் பேரை வைத்தது நீங்கள். எடுக்கவும் உங்களால்தான் முடியும்.

கெஞ்சிக் கேட்கிறேன் அண்ணி. நாளைத் தள்ளாதீர்கள். கால் உங்களுடையது.

சந்திரிகா


கீழ்க்கட்டளை
3.11.2024

சந்திரிகாவுக்கு,

தீபாவளி முடிந்தது. வீட்டில் சௌக்கியத்துக்குக் குறைவில்லை.

மருந்துக்குப் பேரம் பேசுகிறாயா? எங்கே கற்றுக்கொண்டாய் இதை, பாட்சா பாய் கடையிலா?

என் தம்பி என் வைத்தியத்தில் இருந்தான். இன்னும் பத்து நாள் பொறுத்திருந்தால் எழுந்து நடந்திருப்பான். நீ ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனாய். காலை வெட்டலாம் என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டது யார்? நானா? நாலாம் நாள் பிணமாகக் கொண்டுவந்தாய். இதில் நான் என்னத்தை மாற்றி எழுத?

என் கால் அழுகி விழுந்தாலும் அந்த வரி என் கையிலிருந்து வராது. நீ பொட்டலம் கட்டுகிறவள். பொட்டலத்தை மட்டும் கட்டு.

தாயாரம்மாள்


சிங்கப்பெருமாள் கோவில்
11.11.2024

அண்ணிக்கு,

சரி. நீங்கள் கேட்டது கீழே.

"கறுப்பு வெளியே தெரிந்தால் உள்ளே இருக்கும் விஷம் இறங்குகிறது. பயப்படக் கூடாது. வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவிக்கொண்டு பொறுமையாக இருக்கவும்."

இதற்குமேல் என்னிடம் வைத்தியம் இல்லை.

சந்திரிகா


கீழ்க்கட்டளை
16.12.2024

அன்புள்ள சந்திரிகா அத்தைக்கு,

நான் சக்திவேலின் மனைவி வினிதா. நாம் சந்தித்ததில்லை. நலமாக இருக்கிறீர்களா? உங்கள் போன் நம்பர் எங்கள் யாரிடமும் இல்லை. நஃபீசா அக்காதான் விலாசம் கொடுத்தார்.

நவம்பர் 24ஆம் தேதி என் மாமியார் பாத்ரூம் வாசலில் மயங்கி விழுந்துவிட்டார். காலுறையைக் கழற்றியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சக்திவேல் வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் சர்க்கரை நானூற்று எண்பது என்றார்கள். மறுநாளே வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். "ஒரு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா ரெண்டு விரலோட போயிருக்கும்மா" என்றார் டாக்டர். நாங்கள் அப்போது பரணில் எலி தேடிக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். சக்கர நாற்காலிதான். உங்கள் கடிதங்களைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறார். என்னைத் தொட விடுவதில்லை. அவற்றில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. இத்தனை நாள் எங்களிடம் சொல்லாத வலியை உங்களிடம்தான் சொல்லியிருக்கிறார். ஆறுதலாக இருந்ததற்கு மிக்க நன்றி அத்தை. முடிந்தால் ஒரு முறை வீட்டுக்கு வாருங்கள்.

அன்புடன்,
வினிதா


சிங்கப்பெருமாள் கோவில்
12.1.2025

அண்ணிக்கு,

உங்கள் மருமகள் எனக்கு நன்றி எழுதியிருக்கிறாள். அதைப் படித்தபிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இத்துடன் மூன்று சீட்டுகள் வைத்திருக்கிறேன். எடுத்துப் பாருங்கள். அந்த வருடம் நீங்கள் தம்பிக்கு மருந்து கொடுத்தனுப்பும்போது, தினசரிக் காலண்டரில் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் செய்முறை எழுதிப் பொட்டலத்துக்குள் வைப்பீர்கள். 3.3.2013 தாளில் செங்கல்லும் எருக்கம் இலையும் கருப்பட்டியும். 21.4.2013 தாளில் குப்பைமேனி. 16.6.2013 தாளில் வேப்பெண்ணெய். நான் உங்களுக்கு எழுதிய வைத்தியம் எல்லாம் இவைதான். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. உங்கள் வீட்டு வாசனை அடிக்கிறது என்று எழுதினீர்களே, அது உங்கள் வாசனைதான்.

உங்கள் தம்பி சூடு தெரியவில்லை என்று சொன்ன அன்று நான் பயந்து அழுதேன். "அக்கா எழுதிக் கொடுத்திருக்கு. நீ இன்னா டாக்டரா? சும்மா கெட" என்றார். உங்கள் சீட்டு இருக்கும்வரை என்னைக் காலைத் தொட விடவில்லை. கடைசியில் நினைவு தப்பிய பிறகுதான் என்னால் தூக்க முடிந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஐநூறைத் தாண்டியிருந்தது. உங்கள் வம்சத்தில் கிடையாத சர்க்கரை.

கடைக்குக் கால்வலி என்று யார் வந்தாலும் முதலில், "சுகர் பாத்தீங்களா? கால்ல புண்ணு கீதா?" என்றுதான் கேட்பேன். புண் இருந்தால் ஒரு இலைகூடக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன். பாட்சா பாய், "இப்டியே எல்லாரையும் தொரத்து, கடையை மூடிடலாம்" என்று கேலி செய்வார். பத்து வருடத்தில் உங்கள் ஒருவரிடம் மட்டும்தான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தெரிந்தேதான் கேட்கவில்லை.

உங்கள் கால் போனது தெரிந்ததும் ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன். அடுத்த நிமிஷம் அது போய்விட்டது. அதற்குப் பிறகு என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. போலீசுக்குப் போவதானால் போங்கள், கடிதங்கள் உங்களிடம்தான் இருக்கின்றன. நான் மறுக்க மாட்டேன்.

இடது காலையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையை விடாதீர்கள். பாதத்தைத் தினமும் வினிதாவிடம் காட்டுங்கள். செங்கல் பக்கமே போகாதீர்கள். இது சீட்டைப் பார்த்து எழுதியது இல்லை, நானாகச் சொல்வது.

தம்பிக்கு நடந்தது என்ன என்று இப்போது உங்கள் உடம்புக்கே தெரியும். அந்த ஒரு வரியை இப்போதாவது எழுதுவீர்களா?

சந்திரிகா


கீழ்க்கட்டளை
9.2.2025

சந்திரிகாவுக்கு,

இங்கே யாவரும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். நீ இன்னும் ரொம்ப நாள் இருந்து இதையெல்லாம் பார்க்க வேண்டும்.

சீட்டுகள் வந்து சேர்ந்தன. என் கையெழுத்துதான். அந்த நாளில் எவ்வளவு முத்து முத்தாக எழுதியிருக்கிறேன்! இவ்வளவு பத்திரமாக வைத்திருந்ததற்கு உன்னை மெச்சத்தான் வேண்டும்.

நாலு நாள் யோசித்தேன். கணக்கு நேராகி விட்டது. தம்பிக்கும் அதே எருக்கு, அதே குப்பைமேனி, அதே வேப்பெண்ணெய். எனக்கும் அதேதான், ஒரு எழுத்து மாறவில்லை என்று நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய். அவன் செத்தான். நான் உயிரோடு உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். அப்படியென்றால் வைத்தியத்தில் என்ன குற்றம்? பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவளிடம்தான் குற்றம். பதினோரு வருடமாக இதை வாயால்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது உன் கையெழுத்திலேயே சாட்சி கிடைத்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்தாள். உன் கடிதத்தை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "புருஷனத்தான் கொன்னா, இப்ப உன்னையும் பாத்தாளா?" என்று மாரில் அடித்துக்கொண்டாள். அதை எல்லார் வீட்டுக்கும் கொண்டுபோவாள்.

போலீசா? எதற்கு? உன்னை உள்ளே தள்ளிவிட்டால் சந்தையில் யாரைப் பார்த்துத் தாலியை மூடுவார்கள்?

ஒரு வரி கேட்டாயே, இதோ. கேசவனைக் கொன்றது சந்திரிகா. கையெழுத்து, தாயாரம்மாள். தேதி 9.2.2025. கண்ணாடி போட்டு மாட்டிக்கொள்.

ஒரு வாரமாக இடது குதிகாலில் குத்தல், பாதத்தில் மதமதப்பு. இனி உன் தயவு எனக்குத் தேவையில்லை. சீட்டுதான் கைக்கு வந்துவிட்டதே. மாத்திரையை வினிதா வாயில் போட்டுவிட்டுப் போவாள், நான் துளசித் தொட்டியில் துப்பிவிடுவேன். பழைய செங்கல்லை அவள் தூக்கிப் போட்டுவிட்டாள். டிரம்முக்கு அடியில் இன்னும் மூன்று இருக்கின்றன. நஃபீசா இலை பறித்துத் தர மாட்டேன் என்று அழுகிறாள். தண்ணீர் கேன் போடுகிறவன் பறித்துத் தருகிறான், செங்கல்லையும் உருவித் தருகிறான், இந்தக் கடிதத்தையும் அவன்தான் தபாலில் போடுவான்.

இதை எழுதும்போதே இடது காலைச் செங்கல் மேல்தான் வைத்திருக்கிறேன். அரை மணி நேரம் ஆயிற்று. நேற்றுவரை கொஞ்சம் சுட்டது. இன்று சூடே தெரியவில்லை.

இப்படிக்கு,
தாயாரம்மாள்